பெயர் ஒன்று, ஆள் வேறு: எல்லை மோதல் நாட்களில் ஒரு டெல்டா கிராமத்தில் பரவிய மரணச் செய்தி

இந்த ஆய்வு பற்றி

2025 மே 9, வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி அடுத்த மூன்று நாட்களில், மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே உள்ள ஒரு கிராமத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயர், ஆட்களின் பெயர், பத்திரிகையின் பெயர் எதுவும் இதில் இருக்காது. வீட்டார் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் படைவீரர் எந்தப் பிரிவில், எந்த இடத்தில் இருந்தார் என்பதும் இருக்காது. ஏன் என்பது போகப் போகப் புரியும். தாலுகா நிருபர், அன்று இரவு செய்திப் பிரிவில் இருந்த உதவி ஆசிரியர், ஊரில் உள்ள ஓய்வுபெற்ற சுபேதார் (ராணுவத்தில் இளநிலை அதிகாரி) ஆகிய மூவரும் சொன்னதையும், அவர்களது போனில் பதிவான நேரங்களையும் ஒப்பிட்டு இதை எழுதியிருக்கிறேன். தாலுகா நிருபர்களுக்கான பயிற்சியில் வைத்துப் பேச ஒரு நிகழ்வு தேவைப்பட்டது. இதைவிடப் பொருத்தமானது என் கையில் இல்லை.

பின்னணி

ஏப்ரல் 22 அன்று பஹல்காம் தாக்குதல். மே 7 அதிகாலையில் அதற்குப் பதிலடியாகப் பாகிஸ்தான் மீது இந்தியா நடத்திய ‘ஆபரேஷன் சிந்தூர்’. மே 10 மாலை 5 மணிக்குத் துப்பாக்கிச் சத்தம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு. நாம் பேசப்போவது இதற்கு நடுவில் வந்த ஒரு மாலை.

டெல்டாவில் அது வேலை குறைந்த காலம். மேட்டூர் திறக்க ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டும், குறுவைக்கு நாற்றங்கால் கூட ஆரம்பிக்கவில்லை. கடற்கரைப் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் வீட்டிலும் டீக்கடையிலும் இருந்தார்கள், கையில் போன் இருந்தது. போதாததற்கு தஞ்சாவூர் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே. 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 படைப்பிரிவு வந்ததிலிருந்து அந்தச் சத்தம் ஊர்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த வாரம் தலைக்கு மேலே சத்தம் கேட்டாலே “கிளம்பிட்டாங்க” என்று குரூப்பில் ஒருவர் போடுவார், நான்கு பேர் தேசியக் கொடி அனுப்புவார்கள்.

பொய்ச் செய்திக்கும் அந்த நான்கு நாளில் பஞ்சமே இல்லை. ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் நிஜப் போர் என்று சுற்றின. 2021-ல் ஒரு எண்ணெய் டேங்கர் வெடித்த வீடியோ, குஜராத்தின் ஹசீரா துறைமுகம் தாக்கப்பட்ட காட்சியாக வந்தது. பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இரண்டு விமானங்களை இழந்ததாக ஒப்புக்கொள்வது போன்ற செயற்கை நுண்ணறிவு வீடியோவை இங்கே சில ஊடகங்களே நம்பி எடுத்துப் போட்டன. மே 8 இரவு கராச்சி துறைமுகம் தாக்கப்பட்டதாகச் சில தேசியத் தொலைக்காட்சிகள் அடித்துச் சொன்னதும் உண்மையில்லை என்றானது. ராணுவ நடவடிக்கைகளை நேரலை செய்யாதீர்கள் என்று ஏப்ரல் 26-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது, மே 9-ல் பாதுகாப்பு அமைச்சகமும் அதையே சொன்னது. கார்கில், மும்பை தாக்குதல், காந்தஹார் விமானக் கடத்தல் என்று முதல் அறிவுறுத்தலிலேயே பழைய பாடங்களை நினைவூட்டியிருந்தார்கள். சமூக ஊடகத்தில் எழுதுபவர்களையும் சேர்த்தே சொல்லியிருந்தாலும், எல்லோர் கண்ணும் சேனல்கள்மேலும் இணையதளங்கள்மேலும்தான் இருந்தது. ஊர்ப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பை யார் நினைத்தார்கள்?

இன்னொரு பின்னணியும் தேவை. படைவீரர் ஒருவர் இறந்தால் தகவல் வரும் வழி வேறு. அவரது யூனிட்டிலிருந்து முதலில் வீட்டாருக்குப் போகும். பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மாவட்ட நிர்வாகம், கடைசியில்தான் வெளியுலகம். வேறு நாட்டுப் படைகளிலும் இப்படி வழக்கம் உண்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்தில் அமெரிக்கப் படைகள், ஒருவர் இறந்தால் வீட்டாருக்குச் சேதி சேரும்வரை அந்த முகாமின் இணையத்தையும் போனையும் துண்டித்தே வைக்கும். வீட்டாருக்குச் சொல்லி 24 மணி நேரம் ஆன பிறகுதான் பெயரை வெளியிடும். மனைவி ஃபேஸ்புக் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்ற பயம்தான் காரணம்.

இந்த வழி மெதுவானது. அந்த மெதுவுக்குக் காரணமும் உண்டு. 2020 ஜூன் 16 அன்று, லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இறந்தவர்கள் பற்றி ராணுவம் பகலில் சொன்ன எண்ணிக்கை 3, இரவில் சொன்னது 20. படுகாயம் அடைந்திருந்த 17 பேர் இறந்துவிட்டது அப்போதுதான் தெரிவிக்கப்பட்டது. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதியின் ஹெலிகாப்டர் விழுந்தபோது, அவர் அதில் இருந்தார் என்பதை விமானப்படை பிற்பகலில் சொன்னது, இறந்தார் என்பதை மாலை 6 மணி வாக்கில்தான் சொன்னது. நடுவில் இருந்த சில மணி நேரத்தில் சிரியாவில் எரிந்து விழுந்த ஒரு ஹெலிகாப்டரின் வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றி வந்துவிட்டது.

மாலை 5.50 முதல் 6.35 வரை

மே 9 அன்று, ஆந்திராவின் ஸ்ரீ சத்யசாய் மாவட்டத்தைச் சேர்ந்த படைவீரர் ஒருவர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே குண்டுவீச்சில் இறந்த செய்தி வெளியானது. தமிழ்ச் சேனல்களின் கீழ்வரியிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் நம் கிராமத்துப் படைவீரருக்கும் பெயரின் முதல் பாதி ஒன்று. வயதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும், நம் படைவீரரின் மாமன் மகன் யூடியூபில் சேனல் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார். உடனே மச்சானின் நம்பருக்கு அடித்தார். சுவிட்ச் ஆஃப். மே 7-லிருந்தே அப்படித்தான் இருந்தது. வீட்டுக்குப் போன் செய்து கேட்க மனம் வரவில்லை. “நான் எப்படிங்க அத்தைகிட்ட கேக்கறது?” என்று பிறகு சொன்னார். கேட்க முடியாதவர், குரூப்பில் போட்டார். மச்சானின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த சீருடைப் படம், கீழே “நம் மண்ணின் மைந்தனுக்கு வீர வணக்கம்”. நேரம் 5.50.

6.20-க்கு வட்டாரச் செய்தி போடும் ஒரு ஃபேஸ்புக் பக்கம் அதை கார்டாக்கியது. கறுப்புச் சட்டம், மெழுகுவர்த்தி, மூவர்ணக் கொடி. குரூப்பில் இல்லாத இரண்டு விவரங்கள் இந்தக் கார்டில் புதிதாக முளைத்திருந்தன: “இன்று அதிகாலை”, “பாகிஸ்தான் குண்டுவீச்சில்”. இரண்டும் ஆந்திர வீரரின் செய்தியிலிருந்து வந்தவை. 6.35-க்குள் நிருபருக்கு மூன்று பக்கத்திலிருந்து அந்தக் கார்டு வந்து சேர்ந்தது.

அவர் உதவி ஆசிரியரை அழைத்தார்.

“அவங்க போட்டுட்டாங்க. நம்மகிட்ட என்ன இருக்கு?”

“கார்டு மட்டும்தான் சார் இருக்கு.”

“அப்ப எதுவும் இல்லைன்னு அர்த்தம். விசாரிங்க.”

அந்தக் கார்டை உன்னிப்பாகப் பார்த்திருந்தாலே சில விஷயங்கள் உறுத்தியிருக்கும். பதவி இல்லை. ராணுவ அறிவிப்பில் சிப்பாய், லான்ஸ் நாயக், ஹவில்தார் என்று ஏதாவது ஒன்று பெயருக்கு முன்னால் நிற்கும், இதில் “ராணுவ வீரர்” என்று மட்டும் இருந்தது. ரெஜிமெண்ட் பெயர் இல்லை. யார் சொன்ன தகவல் என்பது இல்லை. படத்தில் பின்னால் பனி கிடந்தது, நடப்பதோ மே மாதம். நிருபர் இதையெல்லாம் கவனித்ததாகத்தான் சொல்கிறார். சந்தேகப்படத் தெரிந்தவருக்கும் அடுத்து யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில் சிக்கல் வந்தது.

கேள்வியே செய்தியானது

6.45-க்கு நிருபர் கிராம நிர்வாக அலுவலரை அழைத்து, பெயரைச் சொல்லி, “தாலுகா ஆபீஸுக்கு ஏதும் தகவல் வந்துச்சா சார்?” என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. ஆனால் நிருபர் கேட்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, முன்னாள் ஊராட்சித் தலைவருக்குப் போன் போட்டார். அந்த ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டாலும் ஊருக்கு அவர்தான் தலைவர். அவர் கட்சி குரூப்பில் “பத்திரிகையில் விசாரிக்கிறார்கள், உறுதியாகும் நிலை” என்று எழுதினார். கூடவே பந்தல்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். கட்சி குரூப்பில் தனிப்பிரிவு ஏட்டு (ஊர்த் தகவல் சேகரிக்கும் போலீஸ்காரர்) ஒருவர் இருந்தார்.

7.05-க்கு அந்த ஏட்டு நிருபரை அழைத்தார். “என்னங்க, பிரஸ்ல கன்ஃபார்ம் ஆயிடுச்சாமே?”

இருபது நிமிடத்தில் கேள்வி ஊரைச் சுற்றி, பதிலாக மாறி, கேட்டவரிடமே திரும்பி வந்துவிட்டது. ஏட்டு சொன்னதை வைத்து நிருபர் செய்தி அனுப்பியிருந்தால் “காவல்துறை வட்டாரங்கள் தெரிவித்தன” என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துக் காவல்துறையும் உறுதி என்று மேலே அனுப்பியிருக்கும். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொண்டதே இந்த இருபது நிமிடத்துக்காகத்தான். பொய்ச் செய்தி பற்றிப் பேசும்போதெல்லாம் ‘சரிபார்க்காமல் பகிர்ந்தார்கள்’ என்று சொல்லிவிடுகிறோம். இங்கே சரிபார்த்ததுதான் பரப்பியது. நகரத்தில் நிருபர் கேட்கும் கேள்வி அலுவலகத்தோடு நின்றுவிடும். கிராமத்தில் வி.ஏ.ஓ., முன்னாள் தலைவர், ஏட்டு, நிருபர் எல்லோரும் ஒரே நாலைந்து குரூப்பில்தான் இருக்கிறார்கள்.

சுபேதார்

ஏட்டின் போனை வைத்ததும் நிருபர் மற்ற அழைப்புகளை நிறுத்திவிட்டு, ஊரில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதாரைக் கூப்பிட்டார். அன்று அவர் எடுத்த முடிவுகளில் இதுதான் சரியான முடிவு என்பது என் கருத்து. காரணம் எளிது: அந்த ஊரில் ராணுவத் தகவல் எந்த வழியாக வரும் என்று தெரிந்தவரும், முன்னறிவிப்பு இல்லாமல் அந்த வீட்டுக்குள் போகக் கூடியவரும் அவர் ஒருவர்தான்.

“தம்பி, வீட்டுக்கு போன் போடாதீங்க. கேமராவோட வந்துடாதீங்க. நான் போறேன். உண்மையா இருந்தா என்னைய கேக்க வேண்டியதில்ல, மாவட்டத்துலேர்ந்தே ஆள் வருவாங்க.”

அவர் போனபோது தாயார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் அதற்குள் வந்து கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். எதற்கு அழுகிறாள் என்று தாயாருக்குச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. வாசலில் பத்துப் பதினைந்து பேர். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, கீழ்வரியில் ஆந்திர வீரரின் பெயர். சுபேதார் முதலில் டி.வி.யை அணைத்தார். வீட்டில் இருந்த போன்களை ஒரு பையனிடம் கொடுத்து, வரும் அழைப்புகளை அவனே எடுக்க வேண்டும், எதுவும் பேசாமல் நம்பரை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். வாசலில் நின்றவர்களிடம், “யாரும் அழக் கூடாது. சொல்ல வேண்டியவங்க இன்னும் சொல்லல” என்றார்.

மருமகள் கைக்குழந்தையோடு நாலு மைல் தள்ளித் தாய் வீட்டில் இருந்தாள். சுபேதாரின் மனைவி ஒரு பையனின் பைக்கில் ஏறி அங்கே போனார். அவர் போய்ச் சேர்வதற்குள் கார்டு போய்ச் சேர்ந்திருந்தது. இந்தப் பகுதியை இதற்குமேல் விவரிக்க விரும்பவில்லை.

தகரப் பெட்டியில் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. அதில் யூனிட்டின் பெயரும் ‘மார்பத் 56 ஏபிஓ’ (ராணுவத் தபால் நிலையம் வழியாக) என்ற முகவரியும். பல இடங்களில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் இதே முகவரிதான், கடிதத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதில் போன் நம்பர் கிடைக்கவில்லை என்றாலும், யூனிட்டில் அதே கம்பெனியில் (உட்பிரிவில்) இருக்கும் தேனிக்காரர் ஒருவரின் பெயர் கிடைத்தது. அவரது மனைவியின் நம்பர் மருமகளிடம் இருந்தது. 8.30-க்கு அந்தப் பெண் பேசினார். மதியம் இரண்டு மணிக்குத் தன் கணவர் யாரோ ஒருவரின் போனிலிருந்து பேசியதாகவும், எல்லோரும் நலம் என்று சொன்னதாகவும் சொன்னார். ஆந்திர வீரரின் மரணம் அதற்கு முன்பே நடந்தது. கார்டில் இருந்த “அதிகாலை” உண்மையானால் தேனிக்காரர் மதியம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

கணக்குப் பொருந்தியது. ஆனாலும் சுபேதார் தாயாரிடம், “கெட்ட சேதி எதுவும் வரல தங்கச்சி. அவன் குரல் கேக்கற வரைக்கும் பொறு” என்று மட்டும்தான் சொன்னார். நலமாக இருக்கிறான் என்று சொல்லவில்லை. நிருபரிடமும் அதே வார்த்தைகள்தான்.

செய்திப் பிரிவில் எடுத்த முடிவுகள்

7.30-லிருந்து பக்கம் முடியும் வரை உதவி ஆசிரியருக்கு நாலு பக்கமும் நெருக்கடி. முகவர்கள் அழைக்கிறார்கள், விளம்பரப் பிரிவு அழைக்கிறது, போட்டிப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் “சோகம்” என்ற தலைப்போடு செய்தி வந்துவிட்டதாக நிருபரே சொல்கிறார்.

அச்சில் போடுவதில்லை என்பது எளிதாக எடுத்த முடிவு. ராணுவமோ மாவட்ட நிர்வாகமோ சொல்லாமல் மரணச் செய்தி இல்லை. பக்கத்தில் அந்த இடத்துக்குப் பருத்தி ஏலச் செய்தி போனது.

கடினமான முடிவு இணையப் பக்கத்தில். “இப்படி ஒரு தகவல் பரவுகிறது, விசாரித்து வருகிறோம்” என்று போடலாமா என்று நிருபர் கேட்டார். நேர்மையான யோசனைதான். பெரிய பத்திரிகைகள் அப்படிப் போடுகின்றன. உதவி ஆசிரியர் மறுத்தார். “விசாரிக்கிறோம்னு நாம போட்டாலே ஆள் போயிட்டான்னுதான் படிப்பாங்க.” வி.ஏ.ஓ.வுக்கு நடந்த அந்த ஒரு போன் காலைப் பார்த்த பிறகு அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் ஊருக்குப் பொறுப்பான குரல் ஒன்றுகூட இல்லாமல் போனதும் உண்மை. ஃபேஸ்புக் பக்கத்துக்குப் போட்டியே இல்லை.

மாவட்ட அதிகாரிகளிடம் கேட்ட விதத்தை மட்டும் மாற்றினார்கள். பெயரும் ஊரும் சொல்லாமல், “நம்ம மாவட்டத்தைச் சேர்ந்த படைவீரர் யாரைப் பற்றியாவது இன்று அதிகாரபூர்வத் தகவல் உண்டா?” என்று நேரே மேலே கேட்டார் உதவி ஆசிரியர். எதுவும் வரவில்லை என்று பதில் கிடைத்தது. இந்தக் கேள்வியிலிருந்து புதிய வதந்தி எதுவும் கிளம்பவில்லை.

10.50

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. அவரேதான். யாரோ மேலதிகாரியின் போன், ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். தாயாருக்குப் பேச வரவில்லை. கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் போனை வாங்கி, “மாமா, நம்ம வீட்டு மாட்டுக்கு என்ன பேரு?” என்று கேட்டிருக்கிறாள். குரலைக்கூட இப்போது செய்துவிடுகிறார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் யாரோ வீடியோ அனுப்பியிருந்தார்கள். மறுமுனையில் அவர் திட்டிய திட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. மாட்டின் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

அழைப்பு முடிந்ததும் உறவுக்காரப் பையன்கள் ஒரு யோசனை சொன்னார்கள். மாமாவை ஒரு செல்ஃபி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம், போட்டுவிட்டால் ஒரே அடியில் வதந்தி அடங்கிவிடும். சுபேதார் கொதித்துவிட்டார். பின்னால் ஒரு மலை, ஒரு கட்டடம், ஒரு வண்டி நம்பர் தெரிந்தால் போதும், எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆள் இருக்கிறது. முகவரியில்கூட இடத்தை எழுதாத ராணுவம் அது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளை நீக்கச் சொல்லி வீரர்களுக்கு உத்தரவு வந்ததும் இந்தக் கவலையில்தான். வீடியோ வேண்டாம் என்று முடிவானது.

மறுப்பு பரவிய விதம்

11.10-க்கு நிருபர் தன் பக்கத்தில் மறுப்பு போட்டார். அந்தக் கறுப்புக் கார்டையே எடுத்து, குறுக்கே சிவப்பில் ‘வதந்தி’ என்று அச்சடித்து, கீழே இரண்டு வரி விளக்கம். ஐந்து நிமிடத்தில் அடியில் பதினைந்து பேர் “ஆழ்ந்த இரங்கல்” போட்டிருந்தார்கள். மெழுகுவர்த்தியைப் பார்த்தவர்கள் குறுக்கே ஓடிய சிவப்பைப் பார்க்கவில்லை. அதை எடுத்துவிட்டார்.

அடுத்த யோசனை சுபேதாருடையது. தாயாரை ஒரு வாய்ஸ் நோட் பேச வைத்தார். முதல் தடவை பேசியபோது மகன் இருக்கும் ஊரின் பெயர் வாயில் வந்துவிட்டது. அழித்தார்கள். இரண்டாவது தடவை சுபேதார் முதலில் தன் பெயரையும் தெருவையும் சொல்லி, பிறகு தாயார்: “எம் புள்ள இப்பத்தான் எங்கிட்ட பேசினான். நல்லா இருக்கான். யாரும் வராதீங்க, யாரும் மாலை வாங்காதீங்க.” இருபது வினாடிகூட இல்லை. ஊர்ப் பையன்கள் குரூப், கட்சி குரூப், பால் சொசைட்டி குரூப், சிங்கப்பூர் குரூப் என்று எங்கெங்கே கார்டு போனதோ அங்கெல்லாம் அது நள்ளிரவுக்குள் போய்ச் சேர்ந்தது. யாரும் அதன்கீழ் இரங்கல் போடவில்லை.

அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அந்த நாட்களில் நிறையப் பொய்களை உடைத்தது. ஆனால் அது நாடு முழுக்கச் சுற்றும் பொய்களுக்கான ஏற்பாடு. ஒரு கிராமத்தில் ஒரு பையனைப் பற்றிய பொய்யை அதே தெருவில் தெரிந்த குரல்தான் உடைக்க முடியும் என்பது இங்கே கண்கூடு. பொய் எந்த வடிவத்தில் வந்ததோ அதற்கு இணையான வேகமுள்ள வடிவத்தில் மறுப்பு வர வேண்டும். பொய்யின் படத்தை மறுப்பில் மறுபடி காட்டக் கூடாது.

அடுத்த மூன்று நாட்கள்

மே 10 விடியற்காலை, பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் நின்றுகொண்டிருந்தது. நண்பர்கள் முதல் நாள் இரவு 8 மணிக்கே ஆர்டர் கொடுத்து, நள்ளிரவில் கட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்கள். வாய்ஸ் நோட்டைக் காலையில்தான் கேட்டார்கள். ஸ்டேட்டஸ் படம் பெரிதாக்கினால் மங்கும் என்பதால், கடைக்காரர் முகத்தை மட்டும் வெட்டி வேறொருவரின் சீருடைமேல் ஒட்டியிருந்தார். மார்பில் மூன்று வரிசை பதக்கப் பட்டைகள், தலையில் வேறு ஏதோ படைப்பிரிவின் தொப்பி, தோளில் ஒரு மேஜரின் அசோகச் சிங்க முத்திரை எல்லாம். சுபேதாருக்கு வதந்தியைவிட இதில்தான் கோபம் அதிகம். ஆறு மணிக்குள் அவரே நின்று அவிழ்க்க வைத்தார்.

வாய்ஸ் நோட் எட்டாத இடங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். திருப்பூரிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த சித்தப்பா, பேராவூரணியிலிருந்து மாலையோடு வந்த தூரத்து உறவு. 12-ம் தேதி சித்ரா பௌர்ணமி வரை இது ஓயவில்லை.

காவல்துறை விசாரித்தது. பொய்த் தகவல் பரப்புவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவு இருக்கிறது. ஆனால் வீட்டார் புகார் கொடுக்கவில்லை. முதலில் போட்டவன் சொந்த மாமன் மகன், அவன்மேல் எப்படிக் கொடுப்பது? அவர் வீடியோ காலில் அத்தையிடம் அழுது மன்னிப்புக் கேட்டார். ஃபேஸ்புக் பக்கத்தை நடத்துபவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி எச்சரித்து அனுப்பினார்கள். அவர் கார்டை நீக்கினார். தவறான செய்தி போட்டோம் என்று ஒரு வரி போடவில்லை. அந்தக் கார்டின் ஸ்கிரீன்ஷாட் ஜூன் மாதத்திலும் ஒருவரின் ஸ்டேட்டஸில் வந்தது.

மாற்ற வேண்டியவை

நிருபர் இப்போது மரணத் தகவல் எதையும் பக்கவாட்டில் கேட்பதில்லை. வி.ஏ.ஓ., கட்சிக்காரர், சக நிருபர் யாருக்கும் பெயர் சொல்லிக் கேள்வி போகாது. மேலே கேட்பது, அதுவும் பெயரில்லாமல் கேட்பது. வீட்டுக்குள் போகக்கூடிய ஒருவரிடம் மட்டும் பெயரோடு கேட்பது. அவருடைய தாலுகாவில் ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஓய்வுபெற்ற ஒரு ஜே.சி.ஓ.வின் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரியின்) நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். செய்திப் பிரிவில் சென்னையில் உள்ள பாதுகாப்புத் துறை மக்கள் தொடர்பு அலுவலகத்தின் நம்பரும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் நம்பரும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. இது முன்பே இருந்திருக்க வேண்டியது.

ராணுவத் தரப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை நிருபர்களால் அடைக்க முடியாது. யாராவது இறந்தால் அறிவிக்க முறை இருக்கிறது. இறக்கவில்லை என்று அறிவிக்க எந்த அலுவலகத்துக்கும் வேலை கிடையாது. முன்பு அதற்கு அவசியமும் இருக்கவில்லை. கார்கிலில் 1999 மே 29 அன்று இறந்த மேஜர் சரவணனின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் திருச்சிக்கு வந்தது. அந்த நாட்கள் முழுவதும் அந்தக் குடும்பம் காத்திருந்தது, ஆனால் ராணுவத்தின் சொல்லுக்காக மட்டும். இன்று குடும்பம் காத்திருக்கும்போதே ஃப்ளெக்ஸ் வந்துவிடுகிறது. மோதல் நடக்கும் நாட்களில் மட்டுமாவது, மாவட்ட நல அலுவலகத்தில் இரவு நேரத்துக்கு ஒரு ஆளும் ஒரு நம்பரும் இருந்தால், வீட்டார் கேட்டால் மட்டும் யூனிட்டோடு பேசிப் பதில் சொல்லும் ஏற்பாடு சாத்தியம் என்பது சுபேதாரின் கருத்து. எனக்கும் சரியாகத்தான் படுகிறது. அந்த நம்பரைப் பத்திரிகைக்குத் தரக் கூடாது என்றும் அவரே சொல்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மே 11 இதழில் பத்திரிகை பொதுவாக “வதந்திகளை நம்ப வேண்டாம்” என்று பெயரில்லாமல் ஒரு சிறு செய்தி போட்டது. பெயரைப் போட்டால் கேள்விப்படாத ஊர்களுக்கும் வதந்தியை நாமே கொண்டுபோவோம், எதிரிக்கும் ஒரு தகவல் கொடுப்போம் என்பது உதவி ஆசிரியரின் வாதம். சுபேதார் ஒப்புக்கொள்ளவில்லை. போன் இல்லாத பெரியவர்கள் டீக்கடையில் மரணத்தைக் கேள்விப்பட்டு, மறுநாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். பேப்பரில் மரணமும் இல்லை, மறுப்பும் இல்லை. பேராவூரணிக்காரர் மாலையோடு வந்ததே அதனால்தான் என்கிறார் அவர். இனி இப்படி நடந்தால், வீட்டார் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் இடமும் பிரிவும் இல்லாமல் பெயரோடு மறுப்பு போடலாம் என்று நிருபர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உதவி ஆசிரியர் இன்னும் கையெழுத்திடவில்லை.